நாமகிரித் தாயாரும் நித்தியகல்யாணியும்

நாமக்கல்லில் இறங்குகிறவர்கள் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் ஊர் திரும்புவது வழக்கமில்லை. 18 அடி உயரம். கைகூப்பி நிற்கிறார். எதிரே, ஒற்றைப் பாறையைக் குடைந்த குகைக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். நரசிம்மருக்கு மலையே கூரை. அனுமாருக்கோ தலைக்கு மேலே வானம்தான். வெயிலானாலும் மழையானாலும் அப்படியே நின்று கொண்டிருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் நான் அங்கே போயிருந்தேன். கூட்டம் இன்னும் சேரவில்லை. ஓர் ஓரமாக ஒரு தம்பதி நின்று கொண்டிருந்தார்கள். தகப்பன் தோளில் ஐந்து வயசுப் பெண் குழந்தை. தலை மொட்டை, மூக்கையும் வாயையும் ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. துணிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் அனுமாரின் வடை மாலையையே அளந்து கொண்டிருந்தன. பேச்சுக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், "பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்டேன்.

குழந்தையின் தாயார் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க. இது சாமிக்குக் கொடுத்த முடி இல்லீங்க. மருந்துல கொட்டிப் போனதுங்க. மறுபடி நல்லா வளரட்டும்னு இருக்கோம். அதுக்கப்புறந்தான் பழனிக்குக் கொடுக்கோணும்" என்றாள்.

கேட்டதற்காக வெட்கப்பட்டேன். அவர்கள் இராசிபுரம் பக்கத்துக்காரர்கள். தகப்பன் லாரி ஓட்டுகிறவர். குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டத்தில் குழந்தையைக் கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆகவே ஆள் வருவதற்கு முன்னால், கூரையில்லாத சாமியின் சந்நிதியில், காற்றோட்டமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போக வந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதையும் மீறவில்லை, சாமியையும் விடவில்லை. இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் குடும்பத்தை நினைத்தபடியே நரசிம்மர் கோயிலுக்குள் போய், நாமகிரித் தாயாரின் சந்நிதியில் நின்றேன். அங்கே எனக்கு இன்னொரு குடும்பத்தின் ஞாபகம் வந்தது.

கணித மேதை ராமானுஜனின் தாய்வழிக் குடும்பத்துக்கு நாமகிரித் தாயார்தான் கண்கண்ட தெய்வம். கோமளத்தம்மாளுக்குக் கல்யாணமாகிச் சில காலம் குழந்தை இல்லை. பெரியவர்கள் நாமகிரித் தாயாரை வேண்டிக் கொண்டார்கள். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தான். இதுவரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பின்னால் அவர் கனவில் தாயார் வந்து கணக்குச் சொன்னதும், கடல் கடந்து போகத் தாயார் உத்தரவு கொடுத்ததும் பல முறை எழுதப்பட்டுவிட்டன.

அதிகமாக எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் சமயத்தில், 1889 டிசம்பரில், பெரியம்மை போட்டது. அந்த நாளில் பெரியம்மை கண்ட வீட்டில் என்ன நடக்கும் என்பதை அனுபவித்தவர்கள் இன்று யாரும் இல்லை. குழந்தை பிழைத்தது. வாழ்நாள் முழுதும் முகத்தில் தழும்புகள் இருந்தன. ஆனால் அதே தாயார் அதற்குப் பின்னும் முன்னும் பெற்ற மூன்று குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டன. அதே வீடு; அதே தெய்வம்; அதே பிரார்த்தனை. ஒன்று நின்றது, மூன்று நிற்கவில்லை. நின்ற ஒன்றும் 32 வயதில், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, தாய்க்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

கோமளத்தம்மாள் நாமகிரித் தாயாரிடம் கோபித்துக் கொண்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊர்த் தாய்மார்களின் பக்தியைக் கொடுக்கல் வாங்கல் என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கொடுத்தால் கும்பிடுவேன், கொடுக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்ற வியாபாரமாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு 1891-க்குள்ளேயே முடிந்து போயிருக்கும்.

பெரியம்மையைப் பற்றிச் சொன்னேன். சேலத்துக்காரர்களுக்குக் கோட்டை மாரியம்மனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் பிறந்தால் ஊரே அம்மனுடைய ஊர்தான். பூச்சாட்டு, பொங்கல், உருளுதண்டம் என்று நாள் கணக்காகத் திருவிழா. சமயபுரத்திலோ இன்னும் விசேஷம். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே விரதம் இருக்கிறாள். துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். பிள்ளைகளுக்காகத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்பது ஐதீகம். அதற்கு 'பச்சைப் பட்டினி விரதம்' என்று பெயர்.

அம்மை கண்ட வீட்டில் இருந்த கட்டுப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்நியர் உள்ளே வரக் கூடாது. வீட்டுக்காரர் வெளியே விசேஷங்களுக்குப் போகக் கூடாது. தாளிக்கக் கூடாது. குழந்தையைத் தனியே வேப்பிலைப் படுக்கையில் கிடத்த வேண்டும். முத்து இறங்கித் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் இந்த ஒழுங்கைக் குலைக்கக் கூடாது. அம்மனுக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்தார்கள். நோய் பரவாமல் தனிமைப்படுத்துவது என்று சுகாதார அதிகாரி தண்டோராப் போட்டிருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ, சந்தேகம்தான்.

இதே பக்தி சில சமயம் குறுக்கேயும் நின்றதுண்டு. அதை மறைக்கலாகாது. ஜென்னர் 1796-இல் கண்டுபிடித்த அம்மைப்பால் 1802-இல் பம்பாய் வந்து இறங்கியது. அம்மனுடைய விளையாட்டில் ஊசி குறுக்கிடலாமா என்று நெடுங்காலம் பல வீடுகளில் கதவைச் சாத்திக் கொண்டார்கள். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளைச் சோளக் காட்டில் ஒளித்து வைத்த கதைகளைக் கிராமத்துப் பெரியவர்களிடம் நானே கேட்டிருக்கிறேன். மெல்ல மெல்ல அந்தப் பிணக்குத் தீர்ந்தது. குழந்தைக்கு அம்மை குத்திக் கொண்ட தாய்மார்களே அம்மனுக்குக் கூழும் ஊற்றினார்கள். 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறைந்ததா? இல்லை. நோய் போய்விட்டது, தாய் இருக்கிறாள்.

இனி, அந்தக் குழந்தையின் நோய்க்கு வருவோம்.

நம் எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் விளைகிற வயல். சிவப்பணு, வெள்ளணு, இரத்தம் உறைவதற்கான தட்டணு எல்லாம் அங்கேதான் விளைகின்றன. அந்த வயலில், முற்றாத வெள்ளணு ஒன்று களை போலப் பெருக ஆரம்பிக்கிறது. களை மிஞ்சினால் பயிர் சாகிறது. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளுக்கிறது. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசிகிறது, தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. நல்ல வெள்ளணு இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கால் வலிக்கிறது என்று குழந்தை நொண்டும். விளையாடும்போது விழுந்திருக்கும் என்று எண்ணெய் தடவுவார்கள், மந்திரிப்பார்கள், டானிக் வாங்கிக் கொடுப்பார்கள். ஜெர்மானிய வைத்தியர் விர்ஷோ 1847-இல் இதற்கு 'லுகேமியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் வெள்ளை இரத்தம் என்று அர்த்தம். பெயர் வைத்த பிறகு சரியாக நூறு ஆண்டுகள் வைத்தியர்களால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. நோய் கண்ட குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், இறந்துவிடும். 1947 வரையில் உலகத்தின் மகாராஜாக்களுக்கும் இதுதான் விதி. இராசிபுரத்து வண்டிக்காரருக்கும் இதுதான் விதி.

அந்த விதியை முதலில் அசைத்த மருந்தின் கதை, ஆச்சரியமாக, நம்முடைய பக்கத்தைச் சுற்றிக் கொண்டு போகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்தார். மில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒரு கொடிய சோகையின் காரணத்தை ஆராய்வது அவர் வேலை. 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி நடத்தினார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. விலை உயர்ந்த மருந்துகளையெல்லாம் விட்டு, 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சோகை தீர்ந்தது. அந்தச் சாற்றில் இருந்த சத்துத்தான் பிற்பாடு 'ஃபோலிக் அமிலம்' என்று பெயர் பெற்றது. இரத்தம் விளைவதற்கு அது எரு.

அந்த எருவை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைவர் யார்? எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். படிப்பில் முதலில் நாட்டமில்லை. சிறு பையனாக, காசிக்குப் போகும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினவர். தாயார் வெங்கம்மா பிடித்துக் கொண்டு வந்து படிக்க வைத்தாள். சென்னையில் மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். சந்நியாசியாகப் போக விரும்பினார். தாயார் அனுமதி தரவில்லை. அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தினதால் பேராசிரியருடைய மனக்கசப்புக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். இதற்குள் 'ஸ்ப்ரூ' என்னும் வயிற்று நோய் அவர் சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டு போயிற்று. மாமனார் வீட்டு உதவியோடு 1922-இல் அமெரிக்கா போனார். மனைவிக்குப் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது. சுப்பாராவ் திரும்பி வரவே இல்லை.

நாற்பதுகளில் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய் நிபுணர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அந்த வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதிலாக வேகமாக வளர்வதாகத் தோன்றிற்று! எரு பயிருக்குப் போகாமல் களைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் எருவைப் போலவே வேஷம் போட்ட பொய் எரு ஒன்று கொடுத்தால் களை ஏமாந்து பட்டினி கிடக்குமே என்று ஃபார்பர் எண்ணினார். அப்படிப்பட்ட பொருள்களைச் சுப்பாராவின் கூட்டம் செய்து அனுப்பியது. 1947 டிசம்பர் கடைசியில் 'அமினாப்டெரின்' என்ற அந்த மருந்து இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசியாகப் போடப்பட்டது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன்; நடக்க முடியாமல் கிடந்தவன். சில வாரங்களில் எழுந்து நடந்தான்; உடன்பிறந்தவனோடு விளையாடினான். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்ததென்று சொன்னார்.

தணிந்தது; தீரவில்லை. சில மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் திரும்பியது. அந்தச் சிறுவனும் பிழைக்கவில்லை. 1948 ஆகஸ்டில் சுப்பாராவும் தூக்கத்தில் இறந்து போனார். அவர் செய்த மருந்தின் தம்பியான 'மெத்தோட்ரெக்ஸேட்' இன்றும் உலகம் முழுதும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. நாமக்கல்லில் நான் பார்த்த குழந்தையும் அதைத்தான் சாப்பிடுகிறது.

இரண்டாவது மருந்தின் கதை இன்னும் வேடிக்கை. நம் ஊரில் வேலியோரத்திலும் இடுகாட்டிலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் ஒரு செடி உண்டு. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்து இதழ்ப் பூ. கோயில் நந்தவனத்தில் இருந்தால் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். சுடுகாட்டில் இருந்தால் சுடுகாட்டு மல்லி. மாடும் ஆடும் மேயாது. சர்க்கரை வியாதிக்குக் கைமருந்தாக அதைக் கொடுப்பதுண்டு. ஜமைக்காத் தீவிலும் அப்படியே வழக்கம். அங்கிருந்து 1952-இல் ஒருவர் சில இலைகளை உறையில் போட்டுக் கானடாவில் ஒரு டாக்டருக்கு அனுப்பினார். அவர் தம் சகோதரரான ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானியிடம் கொடுத்தார். நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையக் காணோம், வெள்ளணு குறைந்தது! அதிலிருந்து வந்ததுதான் 'வின்பிளாஸ்டின்'. அதே செடியிலிருந்து இன்னொரு கம்பெனி எடுத்த 'வின்கிறிஸ்டின்' 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல நூறு கிலோ உலர்ந்த இலையைப் பிழிந்தால் ஒரு கிராம் மருந்து தேறுவதே அபூர்வம். தமிழ் நாட்டுப் புன்செய்க் காடுகளில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் ஏற்றுமதி செய்தார்கள்.

குழந்தையின் தலைமுடி உதிர்வதற்கு இந்த மருந்தும் ஒரு காரணம். சுடுகாட்டில் பூத்தது முடியை மட்டும் வாங்கிக் கொண்டு குழந்தையைத் திருப்பித் தருகிறது. நம் ஊரில் முடி காணிக்கைக்கும் கிட்டத்தட்ட இதுதானே ஒப்பந்தம்?

மூன்றாவது கதையில் ஒரு நேர்த்திக்கடன் வருகிறது. டானி தாமஸ் என்று அமெரிக்காவில் ஒரு நடிகர். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் பிழைப்புக்கு வழி தெரியாமல் தவித்தபோது, கைவிடப்பட்டவர்களுக்குத் துணை என்று கத்தோலிக்கர்கள் நம்பும் புனித யூதா ததேயுவின் முன் மண்டியிட்டு, "வழி காட்டினால் உமக்கு ஆலயம் எழுப்புவேன்" என்ற கருத்தில் வேண்டிக் கொண்டார். வழி பிறந்தது, புகழும் பணமும் வந்தன. வேண்டுதலை அவர் மறக்கவில்லை. ஆலயமாக எழுப்பியது குழந்தைகளின் ஆஸ்பத்திரி. மெம்பிஸ் நகரில் 1962-இல் திறந்தது. கறுப்பர் வெள்ளையர் பேதம் அங்கே கிடையாது. குடும்பத்தாரிடம் காசும் வாங்குவதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் முதல் தலைவர் டொனால்ட் பிங்கெல். ஒரு மருந்தைக் கொடுத்து, அது தோற்ற பிறகு அடுத்ததைக் கொடுப்பது அதுவரை வழக்கம். அவர் எல்லா மருந்துகளையும் சேர்த்து வகுத்து ஒரு ஒழுங்கு செய்தார். மூளையைச் சுற்றியும் தண்டுவடத்திலும் நோய் ஒளிந்து கொள்ளாதபடி அங்கேயும் சிகிச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் மறைந்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் மாத்திரை. 1960-களின் இறுதியில் அவர் நடத்திய சோதனையில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் முழுவதும் குணமடைந்தார்கள். தீராத நோய் என்ற எழுத்து அழிந்தது அப்போதுதான். வசதி படைத்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

தமிழ் நாட்டில் இந்த வைத்தியத்தின் சரித்திரமும் ஒரு குடும்பத்துச் சோகத்திலிருந்தே தொடங்குகிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் மாண்டாள். அந்த வேதனையை அக்காள் முப்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தாள். புற்றுநோய்க்காரர் எப்படியும் சாகிறவர்தாமே, அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-இலேயே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி ஏற்பட்டது. சாந்தா அம்மையார் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில் காலமானார்.

1984 முதல் அடையாறும், பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும், டில்லி அகில இந்திய மருத்துவ நிலையமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு சேர்ந்து, இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ற ஒரு சிகிச்சை முறையைக் கையாண்டன. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது. அதற்குப் பின் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைத்தார்கள். மருந்து புதிதல்ல, ஒழுங்காகக் கொடுத்தது புதிது.

இந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் மாதம் முடிவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் மறைந்துவிடும். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடும், ஆடும், சோறு கேட்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் கோடிக் கணக்கில் இன்னும் ஒளிந்திருக்கும். களை எடுத்த வயலில் விதை மண்ணுக்குள் கிடப்பது போல. அதற்காகத்தான் மேலும் சில மாதம் ஊசியும், பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் தினமும் ஒரு மாத்திரையும் வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட்டும். அந்தத் தினசரி மாத்திரையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மாளும், பாட்டனார் புற்றுநோயால் இறந்ததைப் பதினைந்து வயதில் பார்த்த துக்கத்தில் விஞ்ஞானத்துக்கு வந்தவர். ஆரோக்கியமாகத் துள்ளித் திரிகிற குழந்தைக்கு இரண்டு வருஷம் மருந்து கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தாயைத் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள். தறியை நிறுத்திவிட்டு, ஜவ்வரிசி மில் கூலியை இழந்து, ஒவ்வொரு முறையும் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தது. நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-இல்தான். அதற்கு முன் பஸ்ஸில் சேலம் வந்து இரவு ரயில் பிடிக்க வேண்டும். நம் நாட்டில் பல குழந்தைகள் மருந்து தோற்றதால் இறக்கவில்லை. மருந்து பாதியில் நின்றதால் இறந்தார்கள்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், சேலத்தில் எங்களுக்கு உறவான ஒரு குடும்பத்தில் ஆறு வயதுப் பையனுக்கு இந்த நோய் வந்தது. வைத்தியம் நடந்தது. நாலாவது மாதம் பையன் நன்றாக இருந்தான். தலையில் கருகருவென்று முடி முளைத்தது. அவனுடைய அம்மாயி, "ஆத்தா கண் திறந்துட்டா, இனி எதுக்கு அந்த விஷத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கறீங்க?" என்றாள். குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்து, முடி எடுத்து, காது குத்தி, உறவுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள். அத்துடன் மருந்தும் நின்றது. நானும் போயிருந்தேன். பையனை மடியில் வைத்துக் கொண்டு அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன். "கடவுள் காப்பாற்றிவிட்டார்" என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவன், பத்திரிகைகளில் எழுதுகிறவன், கேட்டிருக்கலாம். எட்டாவது மாதம் நோய் திரும்பியது. இரண்டாவது முறை வைத்தியம் பலிக்கவில்லை.

அந்த அம்மாயியைப் பலர் பின்னால் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. அவள் செய்தது பக்திக் குற்றமன்று. நன்றி சொல்வதற்கு அவசரப்பட்டுவிட்டாள். அவசரப்படாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக விரிந்தது. செலவுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஊர் திரும்பும் கொடுமை குறைந்திருக்கிறது. ஆனாலும் இரண்டரை வருஷம் என்பது இரண்டரை வருஷம்தான். எந்தச் சர்க்காரும் தினம் இரவு வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்க முடியாது. அந்த இடத்தில் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். 28 நாள் பட்டினி கிடக்கிற அம்மனை வணங்கி வளர்ந்த ஜனங்களுக்கு, நாள் எண்ணி விரதம் காப்பது புதிதாகக் கற்றுக் கொள்ள வேண்டிய வித்தை அல்ல. நடுவில் முறித்தால் விரதம் விரதமல்ல என்பது எந்தக் கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். அதை மாத்திரைக்கும் பொருத்திச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் தாயார் சந்நிதியிலிருந்து வெளியே வந்தபோது அந்தத் தம்பதி இன்னும் அங்கேயே இருந்தார்கள். கூட்டம் சேரத் தொடங்கிவிட்டதால் கிளம்புகிற மும்முரத்தில் இருந்தார்கள். சேலத்துப் பையனின் நினைவு என்னை உறுத்திக் கொண்டிருந்தது. இந்தத் தடவை கேட்டுவிட்டேன்: "மாத்திரையெல்லாம் தவறாமல் கொடுக்கிறீர்கள் அல்லவா?"

அந்தப் பெண் சிரித்தாள். வீட்டில் ஆஞ்சநேயர் படம் போட்ட நாள்காட்டி இருக்கிறதாம். இரவு மாத்திரை கொடுத்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று வைத்துக் கொண்டிருக்கிறார்களாம். கிழித்த தாளை எறிவதில்லை. ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார்களாம்.

"இவரு வண்டியில போயிட்டா நாலு நாள், அஞ்சு நாள் ஆகுமுங்க. வந்ததும் மொதல்ல டப்பாவத்தான் எண்ணுவாரு" என்று புருஷனைக் காட்டினாள்.

"அம்மிணி பள்ளிக்கூடம் போற வருஷம் முடியுமுங்க" என்றார் அவர்.

குழந்தை என் பக்கம் திரும்பி, துணிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னது. எனக்குப் புரியவில்லை. தாய் மொழிபெயர்த்தாள்: "முடி வந்தா ரெட்டை சடை போட்டுட்டு, ஒரு வாரம் கழிச்சுத்தான் பழனிக்குக் குடுப்பாளாமுங்க."

அந்த ஒரு வாரத்துக்கு முருகன் ஆட்சேபம் சொல்ல மாட்டான் என்று நான் குழந்தைக்கு உறுதி கூறினேன்.